பெட்டியின் முதுகில் ஒட்டிய எண்ணைத் தூரத்திலிருந்து படிக்க முடியுமா?

"ஐபி அட்ரஸ் அனுப்பியிருக்கிறேன், அதோட சீரியல் நம்பரைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." நெட்வொர்க் வேலை பார்க்கும் யாருக்கும் இந்த வரி பழக்கமானது. கேட்பவர் மனதில் ஒரு படம் இருக்கிறது: ஏதோ ஒரு கருவியில் ஐபியைத் தட்டினால், அந்த முனையில் இருக்கும் பெட்டியின், அதாவது ரவுட்டர், சர்வர் போன்ற கருவியின், சீரியல் நம்பர் திரையில் வந்து நிற்கும். சில நேரம் அப்படி நடக்கவும் செய்கிறது. பல நேரம் நடப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "ஃபயர்வால் தடுக்குது போல" என்று ஒரு பதில் வரும் (நெட்வொர்க்கில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பார்க்கும் காவல்தான் ஃபயர்வால்). அது பாதி உண்மைகூட இல்லை.

இதே குழப்பத்தின் மறுபக்கம் வீட்டில் இணையம் பயன்படுத்துபவர்களிடம் இருக்கிறது. "நான் ஒரு வெப்சைட்டைத் திறந்தால் என் ரவுட்டரின் சீரியல் நம்பர் அவர்களுக்குப் போய்விடுமா?" முதல் ஆள் எண் சுலபமாக வந்துவிடும் என்று நம்புகிறார். இரண்டாம் ஆள் அது தானாகவே போய்விடும் என்று பயப்படுகிறார். இருவர் மனதிலும் இருப்பது ஒரே எண்ணம்தான்: சீரியல் நம்பர் கம்பியில் ஓடிக்கொண்டிருக்கிறது, எட்டிப் பிடித்தால் போதும்.

அது ஓடவில்லை. அந்தப் பெட்டியிடம் போய்க் கேட்க வேண்டும். அதற்குத் தன் எண் தெரிந்திருக்க வேண்டும். அதை உங்களிடம் சொல்ல அதற்கு அனுமதி இருக்க வேண்டும். மூன்றும் கூடி வந்தால்தான் எண் கிடைக்கும். இது எப்படி என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

ஒரு வண்டி, மூன்று அடையாளங்கள்

தெருவில் ஒரு கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பற்றி மூன்று விஷயங்கள் சொல்லலாம். எந்தத் தெருவில், எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்பது ஒன்று. நம்பர் பிளேட் இரண்டாவது. உலோகச் சட்டத்தில் தொழிற்சாலை பொறித்த சேசிஸ் நம்பர் மூன்றாவது.

நெட்வொர்க் பெட்டிக்கும் இதே மூன்று உண்டு.

ஐபி முகவரி என்பது நிற்கும் இடம். இன்று இங்கே நிற்கும் பெட்டி நாளை வேறு இடத்துக்குப் போனால் வேறு ஐபி கிடைக்கும். பழைய ஐபி அடுத்து வரும் பெட்டிக்குப் போய்விடும். ஆகவே ஐபியை வைத்து "இந்தப் பெட்டி" என்று அடையாளம் சொல்வது, "அந்த மரத்தடியில் நின்ற கார்" என்று சொல்வதைப் போன்றது.

மேக் முகவரி கிட்டத்தட்ட நம்பர் பிளேட். இது நெட்வொர்க் போர்ட்டுக்கு, அதாவது கேபிளோ வைஃபையோ பெட்டியோடு இணையும் வாய்க்கு, தரப்படும் 48 பிட் எண். பதினாறடிமான எண்முறையில் (0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் இலக்கங்கள்தான்) 12 இலக்கமாக எழுதுவார்கள். வழக்கமாக இதன் முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும். ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு அந்த முன்பாதியை நிறுவனங்களுக்கு ஒதுக்குகிறது. ஒரு ஒதுக்கீட்டுக்குள் 1,67,77,216 மேக் முகவரிகள் அடங்கும். மேக் முகவரியைப் பார்த்து "இது இன்ன நிறுவனத்தின் பெட்டி" என்று சொல்ல முடிவது இதனால்தான்.

சீரியல் நம்பர்தான் சேசிஸ் நம்பர். வரிசை எண் என்றும் சொல்லலாம். தயாரிப்பாளர் தன் கணக்குக்காகத் தானே போட்டுக்கொள்ளும் எண் அது. உத்தரவாதம், பழுது மாற்று, ஆதரவு ஒப்பந்தம், லைசென்ஸ் எல்லாம் இந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐபிக்கு உலகப் பொதுவான விதி உண்டு, மேக் முகவரிக்கும் உண்டு. சீரியல் நம்பருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. எத்தனை இலக்கம், எழுத்து வரலாமா, எந்த வரிசையில் என்பதெல்லாம் அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். இரண்டு நிறுவனங்கள் தெரியாமலே ஒரே எண்ணைப் போட்டிருந்தாலும் யாரும் தடுக்க முடியாது. அதனால் வெறும் சீரியல் நம்பரை மட்டும் குறித்து வைப்பது அரைக் குறிப்பு. நிறுவனம், மாடல், சீரியல் மூன்றும் சேர்ந்ததுதான் முழு அடையாளம்.

சில நிறுவனங்களின் எண்ணில் கதை ஒளிந்திருக்கும். சிஸ்கோ பெட்டிகளில் பரவலாகக் காணும் 11 இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று எழுத்து தயாரான இடத்தைக் குறிக்கும். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, அதற்கடுத்த இரண்டு வாரம், கடைசி நான்கு அந்தப் பெட்டிக்கே உரியது. ஆண்டை மட்டும் நேரடியாக எழுதாமல் 1996-இலிருந்து எண்ணுகிறார்கள். எழுத்துகளுக்குப் பிறகு 1845 என்று வந்தால், 1996-உடன் 18-ஐக் கூட்டி 2014, அதன் 45-ஆவது வாரம். "போன வருஷம் வாங்கின புதுப் பெட்டி" என்று யாராவது சொல்லும்போது, இந்த நான்கு இலக்கத்தைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் இருப்பது ஒரு தனிக் கலை.

மேக் முகவரியும் சீரியல் நம்பரும் ஒன்றல்லவா?

ஆரம்பநிலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். இரண்டுமே தொழிற்சாலையில் வருபவை, இரண்டுமே பெட்டியின் அடியில் ஒரே லேபிளில் அச்சாகியிருக்கும். குழம்புவது இயல்புதான்.

ஆனால் மேக் முகவரி போர்ட்டுக்கு உரியது, சீரியல் நம்பர் பொருளுக்கு உரியது. பல கருவிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர்; 48 போர்ட் உள்ள ஒரு ஸ்விட்சுக்குப் பல மேக் முகவரிகள் இருக்கும், பெட்டியின் சீரியல் நம்பர் ஒன்றுதான். லேப்டாப்பில் வைஃபைக்கு ஒரு மேக், கேபிள் போர்ட்டுக்கு ஒன்று, ப்ளூடூத்துக்கு இன்னொன்று.

அப்புறம், மேக் முகவரியை மென்பொருளில் மாற்றிவிடலாம். இன்றைய செல்போன்கள் இதைத் தாமாகவே செய்கின்றன. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 பதிப்புகளிலிருந்து ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியை உருவாக்கிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்படி உருவாக்கியதை அடையாளம் காண ஒரு சின்ன வழி உண்டு. மேக் முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால், அது தொழிற்சாலை ஒதுக்கீடு அல்ல, உள்ளூரில் வைத்துக்கொண்டது. அந்த மேக் முகவரியில் தயாரிப்பாளரைத் தேடுவது வீண்.

சுருக்கமாக: ஐபி என்பது இடம், மேக் என்பது போர்ட்டின் பெயர், சீரியல் என்பது பொருளின் பெயர். முதல் இரண்டும் தெரிந்துவிட்டதால் மூன்றாவது தெரிந்துவிடாது.

கம்பியில் என்ன போகிறது?

நெட்வொர்க்கில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது. பாக்கெட் என்பது அதுதான். அதைத் தபால் உறையாக நினைத்துக்கொள்ளலாம். உறையின் மேல் அனுப்புநர் ஐபி, பெறுநர் ஐபி. அதற்கு மேல் இன்னொரு உறை, அதில் மேக் முகவரிகள். இந்த வெளி உறை அடுத்த ரவுட்டர் வரைக்கும்தான். ரவுட்டர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் புதிய வெளி உறை போடும். அதனால்தான் உங்கள் மேக் முகவரி இணையத்தின் மறுமுனை வரை போவதில்லை.

இந்த உறைகளில் சீரியல் நம்பர் எழுத ஒரு கட்டம்கூட ஒதுக்கப்படவில்லை. பாக்கெட்டைக் கொண்டு சேர்க்க அந்த எண் தேவையே இல்லை என்பதுதான் காரணம். போனில் பேசும் நண்பனின் தொலைபேசி எண் உங்கள் திரையில் தெரிகிறது. அவன் கையில் இருக்கும் போனின் சீரியல் நம்பர் தெரிகிறதா? "போனைத் திருப்பிப் பார்த்துச் சொல்லுடா" என்றுதான் கேட்க வேண்டும். அவன் சொன்னால் உண்டு.

வெப்சைட்டைத் திறப்பவரின் பயத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அந்தத் தளத்துக்குத் தெரிவது உங்கள் இணைப்பின் வெளி ஐபி, பிரவுசர் சொல்லும் சில விவரங்கள். ரவுட்டரின் சீரியல் நம்பர் அதில் இல்லை.

பெட்டிக்கே தன் எண் எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. லேபிள் வெளியே ஒட்டியிருக்கிறது. உள்ளே ஓடும் மென்பொருளுக்கு லேபிளைப் படிக்கக் கண் கிடையாது.

தொழிற்சாலையில் லேபிள் ஒட்டும்போதே, அதே எண்ணைப் போர்டில் இருக்கும் ஒரு சின்ன நினைவகச் சில்லிலும் எழுதிவிடுவார்கள். மின்சாரம் போனாலும் அழியாத அந்தச் சில்லுக்கு ஈப்ரம் என்று பெயர். பெட்டி இயங்கத் தொடங்கும்போது மென்பொருள் அதைப் படித்துவைத்துக்கொள்கிறது. பிறகு யார் கேட்டாலும் அங்கே இருப்பதைத்தான் சொல்லும்.

இதன் விளைவுகள் சுவாரஸ்யமானவை. பழுது பார்க்கும்போது உள்ளே போர்டை மாற்றிவிட்டு, சில்லில் பழைய எண்ணை எழுத மறந்தால், லேபிள் ஒன்று சொல்லும், பெட்டி வேறொன்று சொல்லும். தொழிற்சாலை எழுதாமலே விட்டிருந்தால் வெற்றிடம் வரும். தனித்தனிப் பாகம் வாங்கிக் கோத்த கம்ப்யூட்டரில் சீரியல் நம்பரைக் கேட்டுப் பாருங்கள். "டு பி ஃபில்ட் பை ஓ.இ.எம்." என்ற வாசகம் வரக்கூடும். "தயாரிப்பாளர் இங்கே நிரப்பிக்கொள்ளவும்" என்று பொருள். யாரும் நிரப்பவில்லை. ஒரு சொத்துப் பட்டியலில் பதினேழு கம்ப்யூட்டர்களுக்கு இதே வாசகம் சீரியல் நம்பராகப் பதிவாகியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பட்டியலைத் தயாரித்தவர் மேல் தப்பில்லை, பெட்டி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்.

கேட்கும் வழிகள்: உள்ளே போய்க் கேட்பது

நேரான வழி, பெட்டிக்குள் லாகின் செய்து கட்டளை கொடுப்பது. எஸ்.எஸ்.எச். என்பது தூரத்திலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழைய உதவும் முறை. சிஸ்கோவில் "ஷோ இன்வென்டரி", ஜூனிபரில் "ஷோ சேசிஸ் ஹார்டுவேர்" என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கட்டளை உண்டு. லினக்ஸ் சர்வரில் "டிஎம்ஐடீகோட்" என்ற கருவி இருக்கிறது, அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும்.

பத்துப் பெட்டி இருந்தால் இது போதும். ஆயிரம் இருந்தால், அதுவும் ஐந்தாறு நிறுவனத்தின் பெட்டிகள் கலந்திருந்தால், கட்டளைகளை நினைவில் வைப்பதே ஒரு வேலையாகிவிடும்.

கேட்கும் வழிகள்: எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள்

அந்தத் தொல்லைக்காகத்தான் எஸ்.என்.எம்.பி. வந்தது. நெட்வொர்க் கருவிகளை விசாரிக்கவும் கண்காணிக்கவும் 1988-இல் வரையறுக்கப்பட்ட பொதுமொழி அது. இன்றும் பெரிய நெட்வொர்க்குகளில் பொருள் கணக்கெடுக்கும் மென்பொருள்கள் பெரிதும் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

இதன் சூட்சுமம் கேள்விகளுக்கு எண் போட்டதில் இருக்கிறது. தேர்வில் வினாத்தாளும் விடைத்தாளும் வேறு வேறாக இருக்கும். "47-ஆவது கேள்விக்கு விடை என்ன?" என்று கேட்டால், எந்தப் பள்ளி மாணவனாக இருந்தாலும் அதே கேள்விக்குத்தான் விடை சொல்வான். எஸ்.என்.எம்.பி.யில் ஒவ்வொரு தகவலுக்கும் இப்படி நீண்ட எண் முகவரி உண்டு. அதை ஓ.ஐ.டி. என்பார்கள். எந்த எண் எந்தத் தகவல் என்று சொல்லும் கையேடு எம்.ஐ.பி.

சீரியல் நம்பருக்கான ஓ.ஐ.டி. இது: 1.3.6.1.2.1.47.1.1.1.1.11. பார்க்கப் பயமாக இருந்தாலும் இது மரத்தின் கிளைகளில் ஏறிப்போகும் வழிதான். முதலில் வரும் 1.3.6.1 என்பது இணையத்துக்கான கிளை. அதில் வரும் 6 அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைக் குறிக்கிறது. இணையம் அவர்கள் ஆதரவில் வளர்ந்த காலத்தின் தழும்பு, இன்னும் ஒவ்வொரு கேள்வியிலும் வந்துபோகிறது. நடுவில் உள்ள 47 என்பது பெட்டியின் பாகங்களைப் பட்டியலிடும் என்டிட்டி எம்.ஐ.பி. அதற்குள் ஒரு அட்டவணை. அட்டவணையின் 11-ஆவது பத்தி சீரியல் நம்பர், 13-ஆவது பத்தி மாடல் பெயர்.

எஸ்.என்.எம்.பி. கேள்விகளுக்கென்று பெட்டியில் ஒதுக்கிய யு.டி.பி. 161 என்ற வாசலுக்கு இந்த எண்ணை அனுப்பினால், என்டிட்டி எம்.ஐ.பி. தெரிந்த எந்த நிறுவனத்தின் பெட்டியும் பதில் சொல்லும். "தெரிந்த" என்ற சொல்லை மறக்க வேண்டாம். மலிவான ஸ்விட்சுகள் பலவற்றுக்கு இந்த அட்டவணையே கிடையாது. சில நிறுவனங்கள் பொது அட்டவணையை விட்டுவிட்டுத் தம் சொந்தக் கிளையில் எண்ணை வைத்திருக்கும். பிரின்டர்களுக்குத் தனி எம்.ஐ.பி. உண்டு, அங்கே சீரியல் நம்பர் 1.3.6.1.2.1.43.5.1.1.17 என்ற முகவரியில் இருக்கும்.

சரி, யார் கேட்டாலும் சொல்லிவிடுமா? பழைய எஸ்.என்.எம்.பி.யில் பாதுகாப்பு என்பது கம்யூனிட்டி ஸ்ட்ரிங் என்ற ஒரே ஒரு சொல். அதைச் சரியாகச் சொன்னால் கதவு திறக்கும். அந்தச் சொல்லும் மறைக்கப்படாமல் அப்படியே கம்பியில் போகும். பல பெட்டிகளில் தொழிற்சாலை வைத்த சொல் "பப்ளிக்". அதை மாற்றாமலே விட்டவர்கள் ஏராளம். பூட்டு வாங்கிச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதை. 2002-இல் இணையத் தரமான மூன்றாம் பதிப்பில்தான் பயனர் பெயர், கடவுச்சொல், மறையாக்கம் எல்லாம் முறையாக வந்தன.

அந்தப் "ஃபயர்வால் தடுக்குது" பதிலை இப்போது எடை போடலாம். ஃபயர்வால் தடுக்கலாம்தான். ஆனால் ஃபயர்வால் இல்லாவிட்டாலும், எஸ்.என்.எம்.பி. அணைந்திருக்கலாம், கடவுச்சொல் பொருந்தாமல் போகலாம், அட்டவணையே இல்லாமல் இருக்கலாம், அட்டவணை இருந்தும் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கலாம்.

இதுவரை பார்த்தது: எண் பெட்டிக்குள் ஒரு சில்லில் இருக்கிறது. உள்ளே நுழைந்து கட்டளையால் கேட்கலாம், அல்லது எஸ்.என்.எம்.பி. என்ற பொதுமொழியில் வெளியிலிருந்து கேட்கலாம். இரண்டுக்கும் அனுமதி வேண்டும்.

தானாகச் சொல்லும் பெட்டிகள்

எல்லாப் பெட்டியும் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. நெட்வொர்க் கருவிகள் பக்கத்துக் கருவியிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள எல்.எல்.டி.பி. என்ற முறை இருக்கிறது. கேபிளின் மறுமுனையில் இருப்பவரிடம் மட்டும், வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை, "நான் இன்னார், இந்தப் போர்ட்டில் இருக்கிறேன்" என்று சொல்லும். இதன் விரிவாக்கமான எல்.எல்.டி.பி.-மெட் முறையில் தயாரிப்பாளர், மாடல், சீரியல் நம்பர் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. ஐபி தொலைபேசிகள் இதைப் பயன்படுத்துகின்றன. அதனால் மேசைமேல் இருக்கும் போனின் சீரியல் நம்பரை, அது செருகியிருக்கும் ஸ்விட்சிடம் கேட்டே தெரிந்துகொள்ள முடியும். அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போலத்தான். ஆனால் இந்த அறிமுகம் அடுத்த வீட்டோடு நின்றுவிடும், தெரு தாண்டிப் போகாது.

வீட்டு இணையப் பெட்டியின் கதை வேறு. இணைய நிறுவனத்திடம் உங்கள் பெட்டியின் சீரியல் நம்பர் ஏற்கெனவே இருக்கிறது. பல பெட்டிகளில் டி.ஆர்-069 என்ற முறை ஓடுகிறது. அதில் பெட்டியே நிறுவனத்தின் சர்வரை அழைத்து, முதல் செய்தியிலேயே தயாரிப்பாளர், மாடல் வகை, சீரியல் நம்பர் மூன்றையும் சொல்லிவிடும்.

ஃபைபர் இணைப்பில் இன்னும் ஒரு படி மேலே. ஜிபான் வகை ஃபைபரில் ஒரே ஒளியிழை பல வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. நிறுவனத்தின் பக்கம் இருக்கும் கருவி அவ்வப்போது, "புதிதாக யாராவது வந்திருக்கிறீர்களா? எண்ணைச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்கும். புதிய வீட்டுப் பெட்டி தன் சீரியல் நம்பரைச் சொல்லும். அந்த எண்ணில் முதல் நான்கு எழுத்து தயாரிப்பாளரைக் குறிக்கும், மீதி எட்டு இலக்கம் அந்தப் பெட்டிக்கு உரியது. அது பதிவேட்டில் இருந்தால் இணைப்பு கிடைக்கும். நண்பர் வீட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து செருகினால் வேலை செய்யாமல் போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். சீரியல் நம்பர் கம்பியில் போவதில்லை என்று மேலே சொன்னேன். இது அதற்கு ஒரு நேர்மையான விதிவிலக்கு. ஆனாலும் அது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான அந்த இழையோடு முடிந்துவிடுகிறது.

சர்வர்களுக்கு மற்றொரு வசதி உண்டு. பெரிய சர்வர்களின் போர்டில் பி.எம்.சி. என்ற தனிக் குட்டிக் கணினி இருக்கும், பெரும்பாலும் அதற்கென்று தனி நெட்வொர்க் போர்ட்டும் இருக்கும். சர்வர் அணைந்திருந்தாலும், மின்சாரச் செருகி மட்டும் இருந்தால் போதும், இது விழித்திருக்கும். ரெட்ஃபிஷ் என்ற தர முறையில் அதனிடம் சீரியல் நம்பரைக் கேட்கலாம். வீடு பூட்டியிருந்தாலும் திண்ணையில் இருக்கும் காவலாளி பதில் சொல்வது மாதிரி.

எதன் சீரியல் நம்பர்?

பதில் வந்துவிட்டது. ஆனால் ஒன்று வரவில்லை, இருபத்து மூன்று வந்திருக்கிறது. புதியவர்கள் திகைத்து நிற்கும் இடம் இதுதான்.

பெரிய ஸ்விட்ச் அல்லது ரவுட்டர் ஒற்றைப் பொருள் அல்ல, ஒரு கூட்டுக்குடும்பம். வெளிச்சட்டமான சேசிஸுக்கு ஒரு சீரியல் நம்பர். அதில் செருகிய ஒவ்வொரு கார்டுக்கும் ஒன்று. பவர் சப்ளை இரண்டு இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி. விசிறித் தட்டுக்குக்கூட இருக்கலாம். ஃபைபர் கேபிளைச் செருகும் விரலளவு எஸ்.எஃப்.பி. துண்டுக்கும் தனிச் சீரியல் நம்பர் உண்டு. அதற்குள்ளும் ஒரு நினைவகச் சில்லு இருக்கிறது, அதன் 68 முதல் 83 வரையிலான பைட்டுகளில் எண் எழுதப்பட்டிருக்கும். அதனால் தூரத்திலிருந்து ஸ்விட்சிடம் கேட்டால், அதில் செருகிய துண்டின் எண்ணையும் வாசித்துச் சொல்லும்.

உத்தரவாதத்துக்காக நிறுவனம் பெரும்பாலும் கேட்பது சேசிஸ் எண்ணை. ஆனால் பட்டியலின் முதல் வரியில் இருப்பதெல்லாம் சேசிஸ் ஆகிவிடாது. என்டிட்டி எம்.ஐ.பி. அட்டவணையில் இதற்கு இரண்டு பத்திகள் உதவும். 5-ஆவது பத்தி பாகத்தின் வகையைச் சொல்லும், அதில் 3 என்று இருந்தால் சேசிஸ், 6 என்றால் பவர் சப்ளை. 4-ஆவது பத்தி இந்தப் பாகம் எதற்குள் இருக்கிறது என்று சொல்லும். துண்டு எந்தப் போர்ட்டில், போர்ட் எந்தக் கார்டில், கார்டு எந்தச் சேசிஸில் என்று வம்சாவளி போல ஏறிப் போய்விடலாம்.

சில சிஸ்கோ பெட்டிகளில் "ஷோ வெர்ஷன்" கட்டளை "பிராசஸர் போர்டு ஐடி" என்று ஒரு எண்ணைக் காட்டும். பல சின்ன ரவுட்டர்களில் அதுவேதான் லேபிளில் இருக்கும் எண். கார்டுகள் செருகும் பெரிய வகைகளில் அது உள்ளே இருக்கும் போர்டின் எண்ணாக இருக்கலாம். அதைச் சேசிஸ் எண் என்று எழுதி அனுப்பி, "இப்படி ஒரு பெட்டி எங்கள் பதிவில் இல்லை" என்று பதில் வாங்கி, இரண்டு நாள் கடிதப் போக்குவரத்து நடத்திய அனுபவம் எனக்கு உண்டு. அன்றிலிருந்து "ஷோ இன்வென்டரி" பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

இன்னொரு பொறி, ஸ்டாக். நான்கு ஸ்விட்சுகளைச் சிறப்புக் கேபிளால் கோத்து ஒரே ஸ்விட்ச் போல இயக்குவதற்குப் பெயர் ஸ்டாக். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஐபி, ஒரே பெயர். உள்ளே நான்கு பெட்டி, நான்கு சீரியல் நம்பர். "ஒரு ஐபி, ஒரு பெட்டி" என்று எண்ணியவரின் கணக்கில் மூன்று ஸ்விட்ச் காணாமல் போயிருக்கும். இரண்டு ஃபயர்வால்களை ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்து ஒரே ஐபியில் இயக்கும்போதும் இதே கதைதான். இன்று பதில் சொன்ன பெட்டி நாளை ஓய்வில் இருக்கும், வேறொரு எண் வரும்.

சுருக்கமாக: "சீரியல் நம்பர் என்ன?" என்பது அரைக் கேள்வி. "எந்தப் பாகத்தின் சீரியல் நம்பர்?" என்று கேட்டால்தான் முழுக் கேள்வி.

பதிலை எவ்வளவு நம்பலாம்?

பெட்டி தன்னைப் பற்றித் தானே சொல்வது வாக்குமூலம்தான். பெரும்பாலும் உண்மையாக இருக்கும், ஆனால் யாரும் சரிபார்த்தது அல்ல. என்டிட்டி எம்.ஐ.பி.யின் தரவிதியே, தன் எண்ணைத் தானே அறிய முடியாத கருவிகளில் நிர்வாகி அந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று இடம் தருகிறது. போலித் தயாரிப்புகளில் அசல் பெட்டியின் எண்ணை நகலெடுத்துப் போடுவதும் உண்டு. ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே சீரியல் நம்பர் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் விசாரிக்க வேண்டியதுதான்.

மென்பொருளாகவே ஓடும் ரவுட்டர்களும் இருக்கின்றன. அவற்றுக்கு லேபிள் ஒட்ட முதுகே கிடையாது. அவை காட்டும் சீரியல் நம்பர், நிறுவும்போது உருவாக்கிக்கொண்டது.

வாக்குமூலத்தை நிரூபணமாக மாற்ற ஒரு வழி இருக்கிறது. 802.1ஏ.ஆர். என்ற ஐ.இ.இ.இ. தரம் 2009-இல் வந்தது. தயாரிப்பாளர் சீரியல் நம்பரை எழுதித் தன் டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார். அதற்கு இணையான ரகசியச் சாவி, பாதுகாக்கப்பட்ட சில்லுக்குள் இருக்கும், வெளியே எடுக்க முடியாதபடி செய்யப்பட்டிருக்கும். சான்றிதழை யாரும் நகலெடுக்கலாம், ஆனால் சாவி இல்லாமல் சோதனைக் கேள்விக்குச் சரியான விடை தர முடியாது. எல்லாப் பெட்டியிலும் இது இல்லை. இருக்கும் இடத்தில் "நான்தான் அது" என்பதற்கு ஆதாரம் கிடைக்கிறது.

எடுத்த எண்ணைக் கெடுக்கும் சில்லறை விஷயங்கள்

லேபிளைக் கண்ணால் படிக்கும்போது 8-உம் பி-யும், 0-உம் ஓ-வும் ஒன்று போலத் தெரியும். பெட்டிகளை அடுக்கி வைக்கும் ரேக்கின் பின்னால் கழுத்தை வளைத்து, செல்போன் வெளிச்சத்தில் படித்தவர்களுக்கு இது புரியும். தூரத்திலிருந்து எடுப்பதன் பெரிய லாபமே இந்தக் குழப்பம் போவதுதான். அந்த லாபத்தை அடுத்த நிமிடமே எக்ஸெல் தின்றுவிடும். 0-இல் தொடங்கும் எண்ணை அதில் ஒட்டினால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும். நடுவில் ஒரு இ எழுத்தும் மற்றதெல்லாம் இலக்கமுமாக இருந்தால், அதைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு ஒரு பிரமாண்ட எண்ணாக மாற்றிவிடும். ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை "டெக்ஸ்ட்" வகைக்கு மாற்றி வைத்துவிடுங்கள்.

லேபிளைப் படமெடுத்து இணையத்தில் போடுவதையும் தவிர்க்கலாம். சில பழைய வீட்டு ரவுட்டர்களில் ஆரம்ப வைஃபை கடவுச்சொல்லைச் சீரியல் நம்பரிலிருந்தே கணக்கிட்டிருந்தார்கள். சீரியல் நம்பர் கடவுச்சொல் அல்ல, ஆனால் ஊருக்கெல்லாம் காட்டவேண்டியதும் அல்ல. அதேபோல, உங்களுக்கு உரிமை இல்லாத நெட்வொர்க்கில் "பப்ளிக்" என்ற சொல்லைப் போட்டுப் பார்ப்பது விளையாட்டு அல்ல, அத்துமீறல்.

கடைசியாக, நேரம் பற்றி. சீரியல் நம்பரை அவசரமாகத் தேடும் நாள் பெரும்பாலும் பெட்டி செத்துப்போன நாளாகத்தான் இருக்கும். மாற்றுப் பெட்டி அனுப்ப நிறுவனம் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். செத்த பெட்டி எஸ்.என்.எம்.பி.க்குப் பதில் சொல்லாது, லாகினும் ஆகாது. அதனால் பெட்டிகள் நன்றாக ஓடும்போதே வாரம் ஒருமுறை எல்லாவற்றிடமும் கேட்டு, தேதியோடு கோப்பில் சேர்க்கும்படி ஒரு சின்ன நிரல் வைத்திருக்கிறேன். பெட்டி விழுந்த இரவு யாரும் ரேக்குக்குப் பின்னால் போக வேண்டியதில்லை. போன வாரம் அது என்ன சொன்னது என்று பார்த்தால் போதும்.